சான்றிதழில் 75 சதவீதம்: சிறப்புத் தேவையுள்ள பதின்வயதுப் பிள்ளைகள் அன்றாட வேலைகளைத் தாங்களே செய்யப் பழகுவது எப்படி?

மாற்றுத்திறனாளிச் சான்றிதழில் 75 சதவீதம் என்று எழுதிக் கொடுத்ததும் நிறைய வீடுகளில் அதை ஒரு தீர்ப்பாகவே எடுத்துக்கொள்கிறார்கள். நூற்றுக்கு எழுபத்தைந்து போய்விட்டது, மிச்சமுள்ள இருபத்தைந்தை வைத்து இவன் என்ன செய்யப் போகிறான் என்று ஒரு கணக்கு. பையனுக்குப் பதினாலு வயது ஆகிறது, இன்னும் அம்மா பேஸ்ட் வைத்துக் கொடுத்தால்தான் பல் துலக்குகிறான், ஸ்பெஷல் ஸ்கூலில் படத்துக்கு வண்ணம் அடித்துக்கொண்டும் ஒன்று முதல் இருபது வரை எழுதிக்கொண்டும் இருக்கிறான். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் தரும் இலவசக் கல்வி 6 வயதில் தொடங்கி 18 வயதோடு முடிகிறது. அதாவது இன்னும் நாலு வருஷம். அந்த நாலு வருஷத்தில் எதைக் கற்றுக்கொடுப்பது, எப்படிக் கற்றுக்கொடுப்பது, எதை விட்டுவிடுவது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். முதலில் அந்தச் சதவீதத்தை முடித்துவிடலாம், ஏனென்றால் குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

## அந்தச் சதவீதம் எதை அளக்கிறது

1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. 2016 சட்டம் அதை 21 ஆக்கியது. 40 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் பெரும்பாலான சலுகைகளுக்குத் தகுதி. ஆனால் எல்லா வகைக்கும் ஒரே அளவுகோல் கிடையாது. கை கால் இயக்கக் குறைபாட்டில் மூட்டும் தசையும் எவ்வளவு வேலை செய்கின்றன என்று பார்ப்பார்கள். ஆட்டிசத்துக்கு 40 கேள்விகள் கொண்ட இந்திய அளவுகோல் ஒன்று இருக்கிறது. அறிவுசார் குறைபாட்டுக்கு, 2018இல் மத்திய அரசு வெளியிட்ட வழிமுறைகளின்படி, சமூக முதிர்ச்சி அளவுகோலின் மதிப்பெண்ணை வைத்துத்தான் சதவீதம் போட்டார்கள்.

இந்தச் சமூக முதிர்ச்சி அளவுகோலைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்து வைன்லேண்டில் எட்கர் டால் என்பவர் 1935இல் உருவாக்கியது. இந்தியாவுக்காக மாலின் என்பவர் மாற்றியமைத்த வடிவத்தில் 89 கேள்விகள். கணக்கோ புத்திசாலித்தனமோ அதில் பெரிதாக இல்லை. தானாகச் சாப்பிடுகிறானா, பட்டன் போடுகிறானா, தெருவில் தனியாகப் போய் வருகிறானா, கடையில் வாங்கி வருகிறானா என்பது மாதிரியான கேள்விகள், பெரும்பாலும் பெற்றோரிடமே கேட்டுக் குறிக்கப்படுபவை. வரும் விடையை வயதாக மாற்றி, பையனின் நிஜ வயதால் வகுத்து, நூறால் பெருக்குவார்கள். பதினாலு வயதுப் பையன் ஏழு வயதுக்குரிய வேலைகளைச் செய்கிறான் என்றால் மதிப்பெண் 50. அந்த 2018 வழிமுறைகளின்படி, இந்த மதிப்பெண் 36 முதல் 54 வரை இருந்தால் சான்றிதழில் 75 சதவீதம், 55 முதல் 69 வரை இருந்தால் 50 சதவீதம்.

இதிலிருந்து மூன்று விஷயங்கள் வருகின்றன.

1. நூற்றில் எழுபத்தைந்து பங்கு திறமை போய்விட்டது என்று இந்த எண்ணுக்குப் பொருள் இல்லை. பையன் இன்று வீட்டில் என்னென்ன செய்கிறான் என்பதன் கணக்கு அது. "அதெல்லாம் அவன் செய்யறதில்லைங்க" என்று அம்மா சொன்னால், முடியாததால் செய்வதில்லையா, நாம் விடாததால் செய்வதில்லையா என்று நல்ல உளவியலாளர் கிண்டிக் கேட்பார். கூட்டம் நிறைந்த முகாமில் இரண்டும் ஒன்றாகவே பதிவாகிவிட வாய்ப்பு உண்டு.

2. வயது ஏற ஏற, புதிதாக எதுவும் பழகாவிட்டால் மதிப்பெண் தானாக இறங்கும். ஏழு வயது வேலைகளோடு நின்றுவிட்ட பையனுக்குப் பதினாலில் 50 வந்தால் பதினேழில் 41 வரும். அவன் எதையும் மறக்கவில்லை, மற்றவர்கள் வளர்ந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

3. இவன் நிறையக் கற்றுக்கொண்டால் சதவீதம் குறைந்து உதவித்தொகை நின்றுபோகுமோ என்ற பயம். யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், ஆனால் பல வீடுகளில் இருக்கிறது. மேலே உள்ள கணக்கைப் பாருங்கள். மதிப்பெண் 69 வரை ஏறினாலும் சான்றிதழ் 50 சதவீதத்தில்தான் நிற்கிறது, வரம்பு 40. தானாகக் குளிக்கவும் சட்டை போடவும் பழகியதால் மட்டும் ஒரு பிள்ளை அந்த வரம்புக்குக் கீழே போய்விடாது.

## சுயசார்பு என்றால் எது

எல்லா வேலையையும் யார் துணையும் இல்லாமல் செய்வதுதான் சுயசார்பு என்று வைத்துக்கொண்டால் நம்மில் யாரும் தேற மாட்டோம். மூளை முடக்குவாதம் உள்ள பதினாறு வயதுப் பெண், படிப்பில் கெட்டி, கைகள் ஒத்துழைப்பதில்லை, குளிப்பாட்டிவிட ஆள் வேண்டும். ஆனால் எந்தத் துண்டு, எவ்வளவு சூட்டுத் தண்ணீர், எந்தச் சுடிதார், யார் உள்ளே வரலாம், யார் வரக் கூடாது என்பதை அவளே சொல்கிறாள். இன்னொரு பக்கம், கை கால் நன்றாக இருந்தும் யாராவது சொல்லும்வரை சாப்பாட்டில் கை வைக்காத பையன். இருவரில் யார் சுயசார்பு அதிகம் உள்ளவர் என்று கேட்டால் நான் அந்தப் பெண்ணைத்தான் சொல்வேன்.

ஆகவே அளக்க வேண்டியவை இரண்டு. ஒரு நாளில் பிள்ளைக்குப் பின்னால் இன்னொருவரின் கை எத்தனை தடவை வேண்டியிருக்கிறது. அதில் எத்தனை தடவை பிள்ளை தானே கேட்டு அந்தக் கை வந்தது, எத்தனை தடவை கேட்காமலேயே வந்தது. ஒரு விடுமுறை நாளில் காலை எழுந்ததிலிருந்து இரவு வரை ஒரு நோட்டில் கோடு போட்டுப் பாருங்கள். எந்தத் திறனை முதலில் கற்றுக்கொடுப்பது என்ற கேள்விக்கு அந்த நோட்டே பதில். எங்கே அதிகக் கோடு விழுகிறதோ, அதுவும் தினமும் விழுகிறதோ, அங்கே ஆரம்பிக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள் வரும் வேலை, ஷூ லேஸ் கட்டுவது மாதிரி, காத்திருக்கலாம். லேஸ் இல்லாத செருப்பு வாங்கிக் கொடுத்தால் அந்தப் பாடமே தேவையில்லை.

## நாமே முடித்துவிடுவதால் வரும் வினை

கொங்கு நாட்டு வீட்டுக் காலை எப்படிப்பட்டது என்று எல்லோருக்கும் தெரியும். பால் சொசைட்டிக்குப் போக வேண்டும், கம்பெனி வண்டி தெருமுனையில் நின்று ஹாரன் அடிக்கும், தறி ஓட்டுகிற வீடு என்றால் ஷிப்ட் மாற வேண்டும். இந்த அவசரத்தில் பையன் ஒரு பட்டனோடு நாலு நிமிஷம் போராடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க யாருக்கும் பொறுமை இருக்காது. "குடு சாமி, நான் போட்டு உடறேன்" என்று நாமே முடித்துவிடுவோம். பாசம்தான், அவசரம்தான், குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பிள்ளை அதிலிருந்து கற்றுக்கொள்வது ஒன்றுதான்: கொஞ்ச நேரம் சும்மா நின்றால் வேலை முடிந்துவிடும்.

இதை உளவியலில் கற்றுக்கொண்ட இயலாமை என்பார்கள். முயற்சிக்கும் பலனுக்கும் தொடர்பில்லை என்று பலமுறை பார்த்துவிட்ட மனம் முயற்சியை நிறுத்திக்கொள்கிறது. இதன் பக்கத்து வீட்டுக்காரன் இன்னொன்று உண்டு, குறிப்புக்குப் பழகிப்போவது. பையனுக்குப் பல் துலக்கத் தெரியும், ஆனால் "பல்லு வெளக்கு கண்ணு" என்ற குரல் கேட்காமல் ஆரம்பிக்க மாட்டான். "வாய் கொப்புளி" என்று சொல்லாமல் நுரையோடு நிற்பான். அவனுக்கு அந்தக் குரலும் வேலையில் ஒரு பகுதி ஆகிவிட்டது.

அவசரத்துக்குத் தீர்வு அவசரமில்லாத நேரம்தான். காலையில் கற்றுக்கொடுக்காதீர்கள். பட்டன் பாடத்தைச் சாயங்காலம், வீட்டுச் சட்டை மாற்றும்போது வைத்துக்கொள்ளுங்கள். காலையில் நீங்களே போட்டுவிடுங்கள், பரவாயில்லை. கடைசி ஒரு பட்டனை மட்டும் அவனிடம் விடுங்கள்.

## கற்றுக்கொடுக்கும் முறை

அந்தக் கடைசிப் பட்டனில் ஒரு முறையே இருக்கிறது. எந்த வேலையையும் சின்னச் சின்னப் படிகளாக உடைத்து, கடைசிப் படியை முதலில் பிள்ளையிடம் கொடுப்பது. மற்ற எல்லாவற்றையும் நீங்கள் செய்வீர்கள், முடிப்பது அவன். அது நன்றாக வந்ததும் கடைசி இரண்டு படிகள், அப்புறம் மூன்று. முதலிலிருந்து ஆரம்பித்தால் பாதியில் சோர்ந்து, வேலை முடிந்த திருப்தியே கிடைக்காமல் போகிறது. பின்னாலிருந்து வந்தால் ஒவ்வொரு தடவையும் முடித்தவன் அவன்தான்.

அரிசிம்பருப்புச் சோற்றை எடுத்துக்கொள்வோம். நம் பக்கத்து வீடுகளில் வாரத்துக்கு ஒரு முறையாவது வரும், ஒரே பாத்திரம், வடிக்கிற வேலை இல்லை, வெந்நீரைத் தூக்கி ஊற்ற வேண்டியதில்லை. தனியாக விட்டாலும் ஒரு பிள்ளை பட்டினி கிடக்காமல் இருக்க இதைவிட நல்ல சமையல் பாடம் எனக்குத் தெரியவில்லை. கேஸ் அடுப்பில் வேண்டாம், மின்சார ரைஸ் குக்கரில் ஆரம்பிக்கலாம். விசில் சத்தம் கேட்டுக் காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளைகளுக்கும் அதுவே நல்லது.

1. ஒரு டம்ளர் அரிசி, கால் டம்ளர் துவரம்பருப்பு அளப்பது. பருப்புக்கு டம்ளரில் கலர் டேப் ஒட்டிக் கோடு காட்டிவிடலாம்.
2. இரண்டு தடவை கழுவுவது.
3. சின்ன வெங்காயம், பூண்டு உரிப்பது, தக்காளி நறுக்குவது.
4. எண்ணெயில் கடுகு, சீரகம் தாளித்து வெங்காயம், பூண்டு, தக்காளி வதக்குவது.
5. மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், உப்பு போடுவது.
6. மூன்று டம்ளர் தண்ணீரும் கழுவிய அரிசி பருப்பும் சேர்த்து மூடுவது.
7. சுவிட்ச் போடுவது.
8. சுவிட்ச் மேலே ஏறியதும் அணைத்து, பத்து நிமிஷம் காத்திருப்பது.
9. திறந்து, கிளறி, வட்டலில் (தட்டில்) போட்டு நெய் ஊற்றுவது.

முதல் வாரம் ஒன்பதாவது படி மட்டும். அப்புறம் எட்டும் ஒன்பதும். நாலாவது படி, அதாவது எண்ணெய் கொதிக்கிற இடம், உங்களுக்குப் பயமாக இருந்தால் அதை அப்படியே தாண்டிவிடலாம், தாளிக்காமல் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு வேகவைத்தாலும் சாப்பிடலாம். ருசி கொஞ்சம் குறையும். வலிப்பு வரும் பிள்ளைகளை அடுப்பின் பக்கம் தனியாக விடவே கூடாது.

அடுத்தது குறிப்பு. பிள்ளை ஒரு படியில் நின்றுவிட்டால் உடனே வாயைத் திறக்காதீர்கள். இந்த வரிசையில் போங்கள்:

1. காத்திருங்கள். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். பல பிள்ளைகளுக்குக் கேட்டதை மூளை வாங்கிக்கொள்ளவே அவ்வளவு நேரம் ஆகும்.
2. பார்வையாலோ விரலாலோ பொருளைக் காட்டுங்கள்.
3. செய்து காட்டுங்கள்.
4. அப்போதும் வரவில்லை என்றால் கையைப் பிடித்து ஆரம்பித்துக் கொடுத்து, நடுவிலேயே விட்டுவிடுங்கள்.

வாயால் சொல்வதை நான் வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். கையைப் பிடித்ததை மெல்ல மெல்ல விலக்கலாம், குரலை விலக்குவதுதான் மிகக் கஷ்டம், வீட்டில் உள்ள நாலு பேரும் ஒரே நேரத்தில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். குரலுக்குப் பதில் படம் வையுங்கள். ஒவ்வொரு படிக்கும் ஒரு போட்டோ, உங்கள் வீட்டுக் குக்கர், உங்கள் வீட்டு டம்ளர், போனில் எடுத்துப் பிரின்ட் போட்டுச் சுவரில் ஒட்டினால் போதும். இணையத்திலிருந்து எடுத்த கார்ட்டூன் படம் பல பிள்ளைகளுக்கு வேலை செய்வதில்லை, அந்தக் குக்கர் வேறு இந்தக் குக்கர் வேறு என்று ஆகிவிடும்.

கடைசியாக, இடம் மாறினால் பாடமும் மாறும். வீட்டு ஷவரில் அழகாகக் குளிக்கும் பையன் நோம்பிக்கு அம்மாயி வீட்டுக்குப் போனால் பொடக்காலியில், அதாவது வீட்டுக்குப் பின்னால் குளிக்கிற இடத்தில், அண்டாவையும் போசியையும் (மொண்டு ஊற்றும் பாத்திரம்) பார்த்து முழிப்பான். மறந்துவிட்டான் என்று நினைக்க வேண்டாம். அவனுக்கு அது புதுப் பாடம். வீட்டில் குளிக்கப் பழகும்போதே வாரத்தில் ஒரு நாள் ஷவர், ஒரு நாள் வாளி என்று மாற்றி மாற்றிப் பழக்கினால் இந்தச் சிக்கல் குறையும்.

## பணம்

ஸ்பெஷல் ஸ்கூல் பாடத்தில் பணம் என்றால் பிளாஸ்டிக் காசும் அட்டை நோட்டும்தான். நிஜ நோட்டையே கொடுங்கள். இப்போது புழங்கும் புது நோட்டுகள் நிறத்தில் தெளிவாக வேறுபடுகின்றன: 10 பழுப்பு, 50 நீலம், 100 ஊதா சாயல், 500 சாம்பல். 20ம் 200ம் இரண்டும் மஞ்சள் சாயலில் வருவதால் குழப்பம் அங்கேதான் வரும். நிறம் பிடிபடாத பிள்ளைக்கு நீளத்தைக் காட்டலாம், மதிப்பு ஏற ஏற நோட்டு நீளமாகும், 10 ரூபாய் 123 மில்லிமீட்டர், 500 ரூபாய் 150 மில்லிமீட்டர். பழைய வரிசை நோட்டுகளும் செல்லும் என்பதால் கையில் வரும்போது அவற்றையும் காட்டிவிடுங்கள்.

கூட்டல் கழித்தல் வராத பிள்ளைக்குக் கடைக்குப் போக வழி இல்லை என்று நினைப்பது தப்பு. அடுத்த பத்து என்ற முறை ஒன்று இருக்கிறது. பர்ஸில் பத்து ரூபாய் நோட்டுகள் மட்டும். கடைக்காரர் 34 என்றால் முன்னால் உள்ள இலக்கத்தைப் பார்த்து அத்தனை நோட்டு எண்ணி, கூட ஒன்று வைப்பது: மூன்று, கூட ஒன்று, நாலு நோட்டு. மீதி வாங்கிக்கொண்டு வருவது. பத்து வரை எண்ணத் தெரிந்தால் நூறு ரூபாய்க்குள் எந்தச் சாமானும் வாங்கலாம். மீதி சரியா என்று பார்க்க வராது, உண்மைதான். அதற்கு, விலைக்கு மேல் பெரிதாக மிஞ்சாத பணத்தோடு அனுப்புவதுதான் பாதுகாப்பு.

பழக நல்ல இடம் உழவர் சந்தை. விலைப்பலகை எழுதித் தொங்கும், பேரம் இல்லை. வாரச் சந்தை இதற்கு நேர் எதிர், கூச்சலும் பேரமும் ஏமாற்றுகிறவர்களும் கலந்த இடம், அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம். ஒரே கடையில் திரும்பத் திரும்ப வாங்குங்கள். தெருமுனை மளிகைக்கடை அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்: "அவனே கேக்கட்டுங்ணா, நீங்க எடுத்துக் குடுத்தறாதீங்க." நல்ல மனசோடு கேட்காமலேயே பொட்டலத்தை எடுத்து நீட்டுகிற கடைக்காரர்தான் இங்கே பெரிய தடை.

போன் பணம் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் டீக்கடையிலும் கியூஆர் அட்டை வந்துவிட்டது. 2024இல் வந்த யுபிஐ சர்க்கிள் என்ற வசதியில் உங்கள் கணக்கிலிருந்து இன்னொருவர் பணம் செலுத்தலாம். ஒரு வகையில் ஒவ்வொரு முறையும் உங்கள் போனுக்கு வந்து நீங்கள் ஒப்புக்கொண்டால்தான் பணம் போகும். இன்னொரு வகையில் மாத வரம்பு போட்டுவிட்டுவிடலாம். ஆரம்பத்தில் முதல் வகைதான் சரி. கணக்கே பிள்ளை பெயரில் வேண்டும் என்றால், 10 வயதுக்கு மேற்பட்ட சிறார் தாங்களே கணக்குத் தொடங்கி நடத்தலாம் என்று ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. வரம்பு எவ்வளவு, ஏடிஎம் அட்டை உண்டா என்பதெல்லாம் அந்தந்த வங்கி முடிவு செய்வது.

## டவுன் பஸ்

பஸ்ஸில் தனியாகப் போக வந்துவிட்டால் பாதி உலகம் திறந்த மாதிரி. ஆனால் நம் பக்கத்தில் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழ்நாட்டில் அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகளும் உடன் வரும் ஒருவரும் இலவசமாகப் போகலாம் என்று 2021இல் வந்தது. கோவை, திருப்பூர், ஈரோடு ஊர்களில் தனியார் டவுன் பஸ் ஏராளம், அவற்றில் இது கிடையாது. எக்ஸ்பிரஸ், சொகுசு போர்டு போட்ட அரசு பஸ்ஸிலும் இல்லை. எது வந்தாலும் ஏறலாம் என்று பழக்கிவிட்டு, பையில் காசு இல்லாமல் அனுப்பினால் பிள்ளை நடுவழியில் திட்டு வாங்கும். எப்போதும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் இருக்க வேண்டும், பணமும் இருக்க வேண்டும்.

தனியார் பஸ்ஸில் ஓடும் பாட்டுச் சத்தம் ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகளால் தாங்கவே முடியாதது. காதுக்கு ஹெட்போன், அல்லது கூட்டமில்லாத மதிய நேரம், அல்லது அந்தத் தடத்தில் அரசு பஸ்ஸுக்காகக் காத்திருப்பது. அதற்கும் ஒத்துவரவில்லை என்றால் தெரிந்த ஆட்டோக்காரரை அவனே போன் செய்து கூப்பிடப் பழக்கினாலும் போதும், அதுவும் பயணம்தான்.

இங்கே வரிசை இப்படி இருக்கட்டும்:

1. இருவரும் சேர்ந்து, ஒரே தடம், ஒரே நிறுத்தம், டிக்கெட் கேட்பது அவன்.
2. சேர்ந்து ஏறுங்கள், தள்ளி உட்காருங்கள். இறங்கும் இடத்தை நீங்கள் சொல்லக் கூடாது. ஸ்டாப் தாண்டினால் தாண்டட்டும், திரும்பி வருவதும் பாடம்.
3. நீங்கள் ஏற்றிவிட, இன்னொருவர் இறங்கும் இடத்தில் நிற்பது.
4. தனியாக, போனில் இருப்பிடம் பகிர்ந்துகொண்டு.
5. வேண்டுமென்றே ஒரு நாள் சிக்கல்: போன் சார்ஜ் இல்லை, பஸ் வரவில்லை, என்ன செய்வான்? யாரிடம் கேட்பான்? கண்டக்டர், சீருடையில் உள்ள போலீஸ், குழந்தையோடு நிற்கும் பெண் என்று ஒரு வரிசை அவன் மனதில் பதிந்திருக்க வேண்டும். சட்டைப்பையில் இரண்டு போன் எண்கள் எழுதிய அட்டை.

இரண்டாவது படியில்தான் பெரும்பாலான பெற்றோர் நின்றுவிடுகிறார்கள். தவறு நேரக்கூடிய வாய்ப்பும் ஒருவரின் கண்ணியத்தில் சேர்ந்ததுதான் என்று ராபர்ட் பெர்ஸ்கி என்ற அமெரிக்கர் 1972இல் எழுதினார், மாற்றுத்திறனாளிகள் துறையில் இன்றும் அந்தக் கருத்தை எடுத்துப் பேசுகிறார்கள். ரோடு கடக்க வராத பிள்ளையைத் தனியாக அனுப்பச் சொல்லவில்லை. ஒரு ஸ்டாப் தாண்டி இறங்குவதும் கோவையின் பரபரப்பான அவினாசி ரோட்டைத் தனியாகக் கடப்பதும் ஒரே அளவு ஆபத்து இல்லை, இரண்டையும் ஒரே பயத்தோடு பார்க்கக் கூடாது என்கிறேன்.

## உடம்பு, கதவு

சொல்லச் சங்கடப்பட்டுத் தள்ளிப்போடும் பகுதி இது. தள்ளிப்போட்டால் பிள்ளைக்குத்தான் ஆபத்து. யார் வேண்டுமானாலும் உடை மாற்றிவிடலாம், யார் வேண்டுமானாலும் குளிப்பாட்டலாம் என்று பழகிய பிள்ளைக்குத் தவறான கை எது என்று தெரிய வழியே இல்லை. அதனால் பத்து வயதுக்கு மேல் குளியலறைக்குள் போகும் ஆட்கள் குறைய வேண்டும், பெயர் சொல்லக் கூடிய ஓரிருவர் மட்டும். பையன் என்றால் அப்பாவோ மாமனோ பொறுப்பு எடுக்க வேண்டும். பதினைந்து வயதுப் பையனை இன்னும் அம்மா மட்டுமே குளிப்பாட்டும் வீடுகள் நிறைய, அதில் அப்பாவுக்கு நேரமில்லை என்பது ஒரு காரணமே இல்லை. தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கும்படி இருக்கட்டும், முக்கியமாக வலிப்பு உள்ளவர்களுக்கு. முகச்சவரத்துக்கு பிளேடு வேண்டாம், டிரிம்மர்.

பையன்கள் தங்கள் உறுப்பைத் தொடுவதைப் பார்த்து அடிப்பதால் ஒன்றும் நிற்காது. தன் அறை, கதவு சாத்தி, வேறெங்கும் கூடாது. விதி அவ்வளவுதான், எல்லோரும் அதையே சொல்ல வேண்டும்.

பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் வருவதற்கு முன்பே பழக்கம் ஆரம்பிக்க வேண்டும். பேடை ஜட்டியில் ஒட்டுவது, சிவப்பு மை ஊற்றிய பேடை எடுத்துச் சுருட்டிக் கவரில் போடுவது, கை கழுவுவது, காலண்டரில் குறிப்பது. இங்கேயும் கடைசிப் படியிலிருந்துதான். கஷ்டம் என்று கர்ப்பப்பையையே எடுத்துவிடச் சொல்லி யோசனை சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1994இல் புனேயில் விடுதியில் இருந்த அறிவுசார் குறைபாடுள்ள பெண்களுக்கு அப்படிச் செய்தது நாடு முழுவதும் பெரிய சர்ச்சையானது. 2016 சட்டத்தின் 10ஆவது பிரிவு, சம்பந்தப்பட்டவரின் சுதந்திரமான, விவரம் அறிந்த ஒப்புதல் இல்லாமல் கருத்தரிக்க முடியாமல் செய்யும் எந்த மருத்துவ முறையையும் தடுக்கிறது.

## வேலை

திருப்பூர் பக்கத்தில் பேக்கிங், பிசிர் வெட்டுவது, கைமடி (தையல்காரருக்குக் கூடமாட உதவுவது), கோவையில் பட்டறை, கரூரில் துண்டு மடிப்பது என்று ஒரே மாதிரி திரும்பச் செய்யும் வேலைகளுக்கு இந்த மண்ணில் பஞ்சமில்லை, சில பிள்ளைகளுக்கு அது நன்றாகவே பொருந்தும். ஆனால் வேலை தெரியாமல் போனதால் வீட்டுக்கு அனுப்பப்படுபவர்களைவிட, டாய்லெட் போகக் கேட்கத் தெரியாதது, சாப்பாட்டு நேரம் முடிந்ததும் எழ மறுப்பது, பக்கத்தில் உள்ளவரின் பொருளை எடுப்பது இவற்றால் அனுப்பப்படுபவர்களே அதிகம் என்று இந்தத் துறையில் உள்ளவர்கள் சொல்வார்கள். மேலே பேசியதெல்லாம் ஆகவே வேலைப் பயிற்சியும்தான். 14 வயதுக்குக் கீழ் வேலைக்கு அனுப்புவது சட்டப்படி தடை, 18 வரை ஆபத்தான தொழில்களில் தடை. பயிற்சி என்ற பெயரில் கூலி இல்லாமல் வாங்கும் வேலைக்கும் ஒத்துக்கொள்ளாதீர்கள், சனிக்கிழமை சம்பளக் கவர் அவன் கைக்கே வர வேண்டும்.

## பதினெட்டு

18 ஆன அன்று பெற்றோர் இயற்கைப் பாதுகாவலர் என்ற நிலை சட்டப்படி முடிந்துவிடுகிறது, பிள்ளைக்கு எவ்வளவு குறைபாடு இருந்தாலும். வங்கியில், நிலப் பத்திரத்தில், ஆஸ்பத்திரி ஒப்புதலில் அப்போதுதான் இடிக்கும். வழிகள் இரண்டு.

1. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழுவிடம் சட்டப்பூர்வப் பாதுகாவலர் நியமனம் கேட்கலாம்.
2. 2016 சட்டத்தின் 14ஆவது பிரிவு வரையறுக்கப்பட்ட பாதுகாவலர் என்ற முறையைச் சொல்கிறது. ஒரு குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, இருவரும் சேர்ந்து எடுக்கும் முடிவு.

எல்லோருக்கும் முதல் வழி வேண்டும் என்றில்லை. சின்ன வயதிலிருந்து எந்தச் சட்டை, தோசையா இட்லியா, நோம்பிக்கு வருகிறாயா இல்லையா என்று கேட்டுக் கேட்டு வளர்க்கப்பட்ட பிள்ளைக்கு, வேண்டாம் என்று சொன்னால் அதை மதித்த வீட்டுப் பிள்ளைக்கு, இரண்டாவது போதுமானதாக இருக்கலாம்.

அதற்கு முன் முடிக்க வேண்டிய சில வேலைகள்: யுடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை), 15 வயதில் கட்டாயமான ஆதார் கைரேகைப் புதுப்பிப்பு, பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு. கணக்கைத் தொடங்கும்போதே கையெழுத்தா கைநாட்டா என்று தீர்மானித்துவிடுங்கள். பெயரின் முதல் இரண்டு எழுத்தை ஒரே மாதிரி எழுத வந்தாலே கையெழுத்துதான், ஆனால் கவுண்டரில் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வர வேண்டும், அதற்குத் தினமும் ஒரு தாளில் பத்துத் தடவை போட்டுப் பழக ஆறு மாதமாவது முன்னால் ஆரம்பிக்க வேண்டும்.